மணல்காட்டுத் தண்ணீர்

கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருமுகிற சத்தம் கேட்டது. சௌந்திரம் தலை நிமிரவில்லை. முதல் முடிச்சு நழுவிவிட்டது. இரண்டாவது முடிச்சையாவது இறுகப் போட்டுவிட வேண்டும் என்பதில்தான் அவள் கவனம் இருந்தது.

இது அவள் செய்ய வேண்டிய வேலையே அல்ல. சாவு விழுந்த வீட்டில் பங்காளி வீட்டுப் பெண்கள் வந்து, "நீ எந்திரிச்சு அக்கட்ட போ கண்ணு" என்று கையைப் பிடித்து விலக்கிவிட்டு, தாங்களே எல்லாவற்றையும் செய்வார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் சுமப்பார்கள். நெற்றியில் காசு வைப்பார்கள். விடியற்காலையில் அவள் புருஷன் சென்னியப்பனின் உயிர் பிரிந்து, இப்போது வெயில் கூரை முகட்டுக்கு ஏறியாகிவிட்டது. இன்னும் ஒருவரும் வரவில்லை. அவளும் பதினாறு வயது மகள் வசந்தாமணியும்தான் நாலு குடம் தண்ணீர் இறைத்து, அவரைக் குளிப்பாட்டி, வெளுத்த வேட்டி கட்டி, வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சேர்த்துத் தலையில் துணி கட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

"அம்மா, பெரியப்பா வந்திருக்காரு" என்றாள் வசந்தாமணி. குரலில் பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது.

சௌந்திரம் எழுந்து வெளியே வந்தாள். அர்த்தநாரிக் கவுண்டர் வாசற்படலுக்கு வெளியே நின்றிருந்தார். சென்னியப்பனின் பெரியப்பா மகன் அவர், ஊருக்கே பெரியவர். எதிர்வீடுதான். ஆனால் ஒன்பது வருஷமாக அவர் அந்தப் படலைத் தாண்டியதில்லை. அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள் வேப்பமரத்து நிழலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டு வாசலில் அவர் மனைவி குப்பாயி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறார் என்று சௌந்திரத்துக்குத் தெரிந்தது.

"எத்தனை மணிக்குப் போச்சு உசுரு?"

"கோழி கூப்புடறப்பங்க."

"காய்ச்சல்னாங்க. இப்படி அஞ்சாறு நாள்ல ஆளையே கொண்டுட்டுப் போகும்னு யாரு கண்டா." அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மிணி, நான் சுத்தி வளைக்கலை. ஊருல பேசியாச்சு. செத்தவன் எங்க ரத்தம். அனாதையாப் போகக்கூடாது. நாங்களே தூக்கறோம். மோளம், தேரு, எல்லாம் மொறப்படி நடக்கும். கருமாதிக்கு ஊரே உக்காந்து சாப்புடும். உன்ற மகளுக்கு அடுத்த தையிலயே நல்ல எடமாப் பாக்கறது என்ற பொறுப்பு."

சௌந்திரம் காத்திருந்தாள். பேச்சு இன்னும் முடியவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும். மொறைக்குச் செய்யோணும்." அவர் மோதிரத்தை விரலிலிருந்து முறுக்கிக் கழற்றினார். "உசுரோட இருந்தாப் பொன்னக் காச்சி நாக்குல வெக்கோணும். இப்ப அதெல்லாம் வேண்டாம். சும்மா இதைக் கழுவி, ஒருக்கா நாக்குல தொட்டு எடுத்துரு. வேற யாரும் வேண்டாம், நீயே செஞ்சாப் போதும். செஞ்சேன்னு வெளிய வந்து ஒரு சொல்லு சொல்லு. தீட்டுப் போச்சு, ஊர்க்கட்டும் போச்சு."

மோதிரத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. படலுக்கு உட்புறம் கிடந்த துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னுக்குப் போனார். அவள் குனிந்து எடுத்தாள். பொன் அவருடைய விரல் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

ஒன்பது வருஷமாக அவள் ஏங்கிய ஏக்கமெல்லாம் அந்தச் சின்ன வளையத்துக்குள் இருந்தது.

*

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் சித்திரை பிறந்ததும் சென்னியப்பன் சைக்கிளில் வடக்கே கிளம்பினார். கூட மூன்று பேர். ராசிபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த மஸ்தான். அங்கேயே பட்டுத்தறி நெய்கிற குழந்தைவேல். இதே ஊர் மாதாரித் தெருவில் செருப்பும் தோல்வாளியும் தைக்கிற குடும்பத்துச் சடையன். இந்த நால்வரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால், மஸ்தான் கடை பெஞ்சைத்தான் காட்ட வேண்டும். வாரச் சந்தைக்குப் போகிற சென்னியப்பன் வெங்காயம் விற்ற கையோடு அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். இந்தப் பக்கத்தில் நிமிர்ந்தால் கண்ணில் படுவது கொல்லிமலைதான். அதற்கும் மேலே எத்தனை மடங்கு உயரத்தில், எப்போதும் வெள்ளையாக ஒரு மலை இருக்கிறதாமே, அதைச் சைக்கிளில் போய்ப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் பேச்சு வந்தது. மற்றவர்களாக இருந்தால் அந்தப் பேச்சு தேநீரோடு முடிந்திருக்கும்.

போனவர்களைப் பெங்களூருக்கு அப்பால் ஒரு ஊரில் உப்புச் சத்தியாக்கிரகக்காரர்கள் என்று நினைத்துப் போலீஸ் பிடித்து ஒரு ராத்திரி உட்கார வைத்தது. அடுத்த ஊரில் அதே நினைப்பில் ஜனங்கள் மாலை போட்டு வடை பாயசத்தோடு சோறு போட்டார்கள். "ரெண்டு பேருகிட்டயும் நாங்க மறுத்துச் சொல்லலை. முதல் எடத்துல சொன்னாக் கேக்க மாட்டாங்க. ரெண்டாவது எடத்துல சொன்னா வடை போயிரும்" என்பார் சென்னியப்பன்.

ராஜபுதனத்து மணலில் சைக்கிள் ஓடவில்லை. தள்ளினார்கள். மணல் இறுகிக் கிடக்கிற விடிகாலையில் மட்டும் மிதித்தார்கள். முள் ஏறாத டயரே இல்லை. கிணறு இருக்கிறது என்று யாரோ கைகாட்டிய இடத்தில் கிணறு தூர்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு அவர்களிடம் இருந்தது சடையன் ஆட்டுத்தோலில் தைத்திருந்த ஒரே ஒரு தண்ணீர்ப் பை. நாலு பேருக்கும் அதுதான். காஷ்மீரம் வரை போய், பனியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, போன நால்வரும் முழுசாகத் திரும்பினார்கள்.

ஊர் எல்லையிலேயே மேளம் வைத்து வரவேற்றார்கள். அர்த்தநாரிக் கவுண்டரே மாலை போட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊரே கூடி உட்கார்ந்திருக்க, சென்னியப்பன் கதை சொன்னார். பெண்கள் பக்கத்தில் சௌந்திரம் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் சிரித்தது, உச்சுக் கொட்டியது. மணலில் தண்ணீர் தீர்ந்த கதைக்கு வந்தபோது அவர் முகமே மாறிவிட்டது.

"அந்தத் தண்ணி இருக்குதே, தோல் நாத்தமும் சூடுமா, ஆனா அதைவிட ருசியா என்ற ஆயுசுல நான் குடிச்சதில்லைங்க. ஆளுக்கு ரெண்டு மொடக்கு. பைய வாயோட வாய் வெச்சு நாலு பேரும் மாத்தி மாத்தி."

"வாய் வெச்சா?" என்று அர்த்தநாரிக் கவுண்டர் கேட்டார்.

"ஆமாங்கண்ணா. அண்ணாந்து ஊத்துனா நாலு சொட்டு சிந்திப் போயிருமில்ல."

அவருக்கு அது கணக்கு. இறைக்கிற தண்ணீர் மடையில் சிந்தக்கூடாது என்கிற விவசாயியின் கணக்கு. சொல்லிவிட்டுச் சிரித்தார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது. விளக்கின் வெளிச்சத்துக்கு அப்பால், தெருமுனையில் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த சடையன் மட்டும் அப்போதே இருட்டுக்குள் பின்வாங்கிவிட்டான்.

தப்பு என்று ஒரு சொல் சொல்லி, நாக்கில் பொன் சுட்டுக்கொண்டால் போதும் என்றார்கள். சென்னியப்பன் மாட்டேன் என்றார். அன்றையிலிருந்து அந்த வீட்டில் நெருப்புக் கேட்டு யாரும் வரவில்லை. வண்ணான் வரவில்லை. நாவிதர் வரவில்லை. ஆட்டையாம்பட்டியில் சௌந்திரத்தின் தம்பி வெள்ளியங்கிரி கல்யாணத்துக்குக்கூட அவள் போக முடியவில்லை. மேளச்சத்தம் கேட்கும் தூரத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இன்று காலையும் வெள்ளியங்கிரிக்கு ஆள் போயிருந்தது. "ஊர்ல முடிவாகட்டும், கோடித்துணியோட வந்தர்றேன்" என்று பதில் வந்தது.

ஒருநாள் அவள் கேட்டே விட்டாள். "ஒரு சொல்லுத்தானுங்க. மனசுல வேற நெனச்சுக்கிட்டு வாயில சொன்னா என்ன கொறைஞ்சு போகுது?"

அவர் எருதுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "என்னையத் தப்புன்னு சொல்லச் சொன்னாச் சொல்லிருவேன் சௌந்திரம். எனக்கென்ன. அந்தத் தண்ணியையில்ல தப்புன்னு சொல்லச் சொல்றாங்க" என்றார்.

அந்தப் பதிலை அவள் மன்னிக்கவே இல்லை.

*

மோதிரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு சௌந்திரம் உள்ளே வந்தாள். "நீ அடுப்பங்கரையில இரு சாமி" என்று மகளை அனுப்பினாள். வசந்தாமணி போகவில்லை. கதவருகே நின்று அம்மாவின் கையையே பார்த்தாள்.

தாடைக் கட்டை அவிழ்த்ததும் அவர் வாய் சற்றே திறந்தது. உதடுகள் வெடித்துக் காய்ந்திருந்தன. நேற்று ராத்திரி முழுவதும் கரண்டியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்த ஈரத்தில் கொஞ்சம்கூட மிச்சமில்லை. உள்ளே இருட்டில் நாக்கு தெரிந்தது.

தொட்டு எடுத்தால் போதும். வசந்தாமணிக்குக் கல்யாணம். தம்பி வீட்டுக்குப் போகலாம், அவன் குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம். குப்பாயி அக்காவோடு கிணற்றடியில் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல் பேசலாம். செத்தவருக்கு வலிக்கவா போகிறது?

மோதிரத்தை உதட்டருகே கொண்டுபோனாள். இந்த நாக்கு, என்று நினைத்தாள்.

அந்த நாக்கு அவளிடம்தான் பேசியது. ஊரில் கேட்க வேறு ஆளில்லாமல் போன பிறகு, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவர் அவளிடம்தான் சொன்னார். பாதியில் நிறுத்துவார், மறுநாள் அதே இடத்தில் தொடங்குவார். மார்வாரில் ஒட்டகக்காரன் ஒருவன் வழி காட்டினான். பிக்கானீருக்கு முன்னால் ஒரு கிழவி மோர் கொடுத்தாள். பனிஹால் கணவாயில் சைக்கிளைத் தோளில் சுமந்து ஏறும்போது மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. முதலில் கோபத்தோடுதான் கேட்டாள். பிறகு கோபமில்லாமல் கேட்டாள். பிறகு, "நேத்து அந்த ஆத்தங்கரையில உட்டீங்க" என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். ஆட்டையாம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு காதம் போகாதவள் அவள். ஆனால் சேலத்திலிருந்து காஷ்மீரம் வரை வழியில் எந்தக் கிணற்றில் தண்ணீர் உப்பு, எதில் இனிப்பு என்று அவளுக்குத் தெரியும். ஊர் தள்ளி வைக்காமலிருந்தால் அவர் இந்தக் கதையைக் கோயில் முன்னால் நாலு தடவை சொல்லிவிட்டுத் தீர்த்திருப்பார். அவளுக்கு வெறும் தலைப்புச் செய்திதான் கிடைத்திருக்கும்.

இத்தனை வருஷம் தண்டனை என்றே நினைத்து வந்ததற்குள் இப்படி ஒன்று இருந்ததை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

இந்த நாக்கில் பொன்னை வைத்தால், அந்த மணலும் கிணறுகளும் பனியும் எல்லாமே கழுவ வேண்டிய அழுக்கு என்றாகிவிடும். அவள் போய்வந்த ஒரே பயணம் அது.

"அம்மா" என்றாள் வசந்தாமணி. "வேண்டாம்னா உட்ருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சௌந்திரம் மகளைத் திரும்பிப் பார்த்தாள். இவளும் கட்டிலின் கால்மாட்டில் படுத்துக்கொண்டு தூங்குவதுபோல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள்தானே. மோதிரத்தை இடுப்பில் முடிந்துகொண்டு, தாடையை மெல்ல உயர்த்தி மூடி, பழையபடி துணியால் கட்டினாள். இந்தத் தடவை முடிச்சு ஒரே இழுப்பில் நின்றது.

அப்போது தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது.

*

மூன்று பேரும் வந்திருந்தார்கள். விடியற்காலையில் சேதி தெரிந்ததும் சடையன் ராசிபுரத்துக்கு மிதித்துப் போய் மற்ற இருவரையும் கூட்டிவந்திருந்தான். மஸ்தான் தாடி நரைத்துப் பருத்திருந்தார், மூச்சு வாங்கியது. குழந்தைவேல் சைக்கிளை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அப்படியே சரியவிட்டு, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். மஸ்தானும் குழந்தைவேலும் உள்ளே போய் உடலின் காலடியில் உட்கார்ந்தார்கள். சடையன் மட்டும் எப்போதும்போலப் படலுக்கு வெளியே, நிழலும் இல்லாத இடத்தில் நின்றான்.

"அண்ணா" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. ஊருக்குள் அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேப்பமரத்தடியில் நின்ற தலைகள் திரும்பின. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

சௌந்திரம் கவனித்துக்கொண்டே நின்றாள். ஒன்பது வருஷமாக இவன் மாதம் ஒருமுறையாவது இங்கே வந்திருக்கிறான். அவள் புருஷன் படலுக்கு அந்தப் பக்கம் போய் இவனோடு மண்ணில் உட்கார்ந்து பேசுவார். இவன் தண்ணீர் கேட்டால் அவள் செம்பை உயர்த்திக் கையில் ஊற்றுவாள். இவன் கையைக் குவித்து ஏந்திக் குடிப்பான். எந்தத் தண்ணீருக்காக ஊர் அவள் வீட்டைத் தள்ளி வைத்ததோ, அதே தண்ணீரை அவளும் இவனுக்கு உயரத்திலிருந்துதான் ஊற்றி வந்தாள். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

பானையில் செம்பை முக்கி எடுத்தாள். முதலில் மஸ்தானுக்கும் குழந்தைவேலுக்கும் கொடுத்தாள். பிறகு மீதிச் செம்போடு வாசலைக் கடந்து படலுக்கு வெளியே வந்தாள். சடையன் அவளைக் கண்டதும் குனிந்து கைகளைக் குவித்தான்.

அவள் ஊற்றவில்லை. செம்பை நீட்டினாள்.

"புடிங்க."

சடையன் நிமிர்ந்தான். அந்தச் சொல்லின் கடைசியில் இருந்த மரியாதை அவனுக்கு மட்டுமல்ல, மரத்தடிக்கும் கேட்டது.

"வேண்டாங்க ஆத்தா. கையிலயே ஊத்துங்க."

"கையில ஊத்துனா சிந்தும். வாய் வெச்சுக் குடிங்க."

அவன் கண்ணில் நீர் முட்டியது. சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். செம்பை இரண்டு கையாலும் வாங்கி, வாய் வைத்து இரண்டு மொடக்குக் குடித்தான். குடித்துவிட்டுச் செம்பை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான். சௌந்திரம் அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். தானும் வாய் வைத்து, அடியில் இருந்தது முழுவதையும் குடித்தாள். காலையிலிருந்து ஒன்றும் குடிக்காத வயிற்றுக்குள் தண்ணீர் குளிர்ந்து இறங்குவது தெரிந்தது.

வேப்பமரத்தடியில் யாரோ, "அட, என்னாயா இது" என்றார்கள்.

அவள் இடுப்பு முடிச்சிலிருந்து மோதிரத்தை எடுத்தாள். அதே கல்லின் மேல் வைத்தாள்.

"எடுத்துக்கங்க" என்று அர்த்தநாரிக் கவுண்டரிடம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "அவரு நாக்குக்குத்தான் கொண்டுவந்தீங்க. இப்ப என்ற நாக்கும் சேந்திருச்சு. இத்தனை நாக்குக்கு உங்க மோதரம் பத்தாதுங்க."

அர்த்தநாரிக் கவுண்டரின் முகம் கறுத்தது. "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு அம்மிணி. மகளை வெச்சிருக்கறே."

"ஆமாங்க. வெச்சிருக்கறேன்."

"நாங்க தூக்க மாட்டம். கிடக்கட்டும்."

"கிடக்க மாட்டாருங்க" என்றாள். "மணல்லயே கிடக்காம வந்தவருங்க அவரு."

அவர் கல்லின் மேலிருந்த மோதிரத்தை எடுத்தார். விரலில் போட்டுக்கொள்ளாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் நடந்து போனார். மரத்தடி மெதுவாகக் காலியானது.

*

பாடை கட்ட மாட்டுக் கட்டுத்தறிக் கூரையிலிருந்து மூங்கில் உருவினார்கள். குழந்தைவேல் கயிறு முறுக்கினார். சடையன் இப்போது படலுக்கு உள்ளே இருந்தான். மூங்கிலைப் பிளந்து குறுக்குச் சட்டம் கட்டினான். எப்போது உள்ளே வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் தங்கச்சி" என்றார் மஸ்தான், அழுகைக்கு நடுவே. "இந்தச் சடையனுக்கு மணல்ல மயக்கம் வந்தப்ப ரெண்டு சைக்கிளுக்கு நடுவுல இப்படித்தான் கட்டித் தள்ளிக்கிட்டுப் போனோம். பிக்கானீர் தாண்டி."

"பிக்கானீருக்கு இக்கட்டயேங்க" என்றாள் சௌந்திரம். "மோர் குடுத்த கிழவி ஊருக்கு முந்தின நாளு."

மஸ்தான் கயிற்றை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். சற்று யோசித்தார். "அட, ஆமா. கிழவிக்கு முன்னாடிதான்." குழந்தைவேலைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்யா, தங்கச்சி எந்த சைக்கிள்ல பின்னாடி உக்காந்து வந்துச்சு? நாம பாக்கவே இல்லையே."

குழந்தைவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சடையனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். சாவு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எதிர்வீட்டில் ஒரு கதவு லேசாகத் திறந்து, அப்படியே நின்றது.

"ஒண்ணு தெரியுமா தங்கச்சி. அந்த வெள்ளை மலையில சென்னியப்பன் பனியை லோட்டாவுல அள்ளி, துணி போட்டுக் கட்டிக்கிட்டான். சௌந்திரத்துக்குக் காட்டோணும்னான். கரைஞ்சு போகும்டான்னா, போறப்பப் போகட்டும்ங்கறான். ரெண்டு நாள் வெறும் தண்ணியச் சுமந்தான்."

இது அவளுக்குத் தெரியாது. அத்தனை ராத்திரியிலும் அவர் இதைச் சொன்னதே இல்லை. அவள் எழுந்து உள்ளே போய், செய்வதற்கு ஒன்றுமில்லாத அடுப்படியில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

உடலைப் பாடையில் கிடத்தியதும்தான் அந்தக் கேள்வி வந்தது. முனை நாலு. ஆண்கள் மூவர்.

"என்ற அண்ணந் தம்பிக உங்க தோட்டத்து மேக்கு மூலையில குழி வெட்டிக்கிட்டிருக்காங்க" என்றான் சடையன். "வெட்டுனதை யாரும் கேக்க மாட்டாங்க, அது அவங்க வேலை. தூக்கச் சொன்னா நாளைக்குக் கூலிக்குப் போக முடியாதுங்க."

"நான் ராசிபுரம் போயி ஒரு ஆளைக் கூட்டியாந்தர்றேன்" என்று குழந்தைவேல் சைக்கிளை எடுத்தார். "ஒரு மணி நேரங்க."

"வெய்ய ஏறிப்போச்சுங்க" என்றாள் சௌந்திரம். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். "நாலாவது முனைய நான் புடிச்சுக்கறேன்."

மஸ்தான் தெருப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "வாய்க்கா வழியாப் போயிரலாம். யாரும் பாக்க மாட்டாங்க. அதுதான் கிட்டவும்" என்றார்.

"தெருவுலயே போலாங்க."

தலைமாட்டில் வலப்புறம் அவள் நின்றாள். இடப்புறம் சடையன். கால்மாட்டில் மற்ற இருவரும். குனிந்து மூங்கிலைத் தோளில் ஏற்றியபோது, பாரம் அவளை ஒரு பக்கம் சாய்த்தது. காய்ச்சலில் அத்தனை இளைத்தவருக்கு இவ்வளவு கனமா என்றிருந்தது. பிறகு நின்றுவிட்டாள். நின்றதும், இந்த உடம்பு மொத்தத்தையும் மிதித்துக்கொண்டுதானே அவர் அவ்வளவு தூரம் போனார் என்று தோன்றியது.

மேளமில்லை. தாரையில்லை. வசந்தாமணி அப்பாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். யாரும் சொல்லாமலே, படலைத் தாண்டியதும் மணியை அடித்தாள். நாலு எட்டுக்கு ஒருமுறை அடித்தாள். அந்தச் சத்தம் மண்சுவர்களில் மோதித் தெரு முழுவதும் ஓடியது. கதவுகள் திறந்தன. ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. சௌந்திரம் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று நடந்தாள். இந்தத் தெருவில் ஒன்பது வருஷம் ஓரமாகவே நடந்தவள்; இன்று நடுவில் நடப்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. துக்கம் நெஞ்சில் ஒரு பக்கம் கல்லாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே, வெட்கமில்லாமல், இன்னொன்று எழுந்து நின்றது. மேடு ஏறி முடித்து, கீழே விரிந்து கிடக்கிற நாட்டை முதன்முதலாகப் பார்க்கிறவனுக்கு அப்படி இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

கோயில் மேட்டில் ஏற்றம் வந்தது. மூங்கில் தோள் எலும்பில் இறங்கியது. வியர்வை கண்ணில் வழிந்து தெரு மங்கியது. அவளுடைய முனை தாழ்ந்தது.

"ஆத்தா, எறக்கலாமுங்களா" என்றான் சடையன்.

"வேண்டாங்க. நடங்க."

இன்னும் பத்தடி போயிருப்பாள். பின்னால் புழுதியில் யாரோ வேகமாக ஓடி வருவது கேட்டது. அதற்கும் பின்னால், "ஏ குப்பாயி, எங்க போறே, ஊட்டுக்குள்ள வா" என்று அர்த்தநாரிக் கவுண்டரின் குரல் கேட்டது. ஓடி வந்த கால்கள் நிற்கவில்லை.

"தோளு மாத்து சௌந்திரம்" என்று காதருகே மூச்சிரைத்தது. "கொஞ்சம் முன்னுக்குப் போ. எனக்கும் எடம் வேணுமில்ல."

சௌந்திரம் திரும்பவில்லை. தலை குனிந்தபடியே ஒரு எட்டு முன்னால் வைத்தாள். மூங்கில் தோளிலிருந்து அரை விரலளவு மேலே எழும்பியது. தன் கால்களுக்குப் பின்னால், புழுதிக்குள் இன்னும் இரண்டு கால்கள் வந்துகொண்டிருந்தன; விரல்களில் வெள்ளி மிஞ்சி மினுங்கிற்று. வசந்தாமணி மணியை அடித்தாள். மேடு முடிந்து, தோட்டத்துக்குப் போகிற பாதை நேராகத் தெரிந்தது.